மகள் மாற்றிச் சொன்ன முடிவு

1

கல்கத்தா கார்டன் ரீச்சில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில், துர்க்கையைக் கங்கையில் கரைத்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போவது ஆரம்பிக்கும். சின்னவர்கள் பெரியவர்களின் காலைத் தொடுவார்கள், ஆண்கள் கட்டிக்கொள்வார்கள், போகிற வீட்டிலெல்லாம் தேங்காய் உருண்டை தருவார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். சர்க்கரை வியாதி என்ற பேச்சையே அந்த வாரத்தில் யாரும் எடுக்கக் கூடாது. இதெல்லாம் ஓய்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பந்தல் போட்ட அதே மைதானத்தில் எல்லோரும் கூடுவோம். அதற்குப் பெயர் பிஜொயா சம்மிலனி. பாட்டு, ஆட்டம், கவிதை, குட்டி நாடகம் என்று ஆளாளுக்கு ஏதாவது செய்வார்கள். விருப்பமுள்ளவர்கள் மேடையேறலாம் என்றுதான் நோட்டீஸில் போடுவார்கள். விருப்பமில்லாதவர்களை வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள்.

இத்தனை வருஷமாக நான் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியே தப்பித்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் இதே பூஜை மாதத்தில்தான். இந்தப் பூஜையோடு இருபத்துநாலு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். எப்படி மாட்டினேன், மேடையில் வைத்து என் மகள் என்ன செய்தாள் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் நேரிலேயே பார்த்துவிட்டதால், ஊரில் இருக்கிற உங்களிடம்தான் சொல்ல முடியும்.

2

எனக்கு அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. வருகிற கடிதங்களைப் படித்து, விஷயம் என்ன என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு விதவை பக்கம் பக்கமாக அழுது எழுதியிருப்பார். நான் ‘குடும்ப ஓய்வூதியத் தாமதம் தொடர்பாக’ என்று முடித்துவிடுவேன். முதலில் மனசு உறுத்தியது. பிறகு உறுத்துவது நின்றுவிட்டது. நின்றுவிட்டதை ஒரு நாள் கவனித்தபோது பயமாக இருந்தது. எழுத ஆரம்பித்தது அப்போதுதான்.

எழுதுவது பஸ்ஸில். வீட்டிலிருந்து அலிப்பூர் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் கிதிர்பூர் பக்கம் லாரிகள் நின்றுவிட்டால் ஒரு கதைக்கு நடுப்பகுதியே எழுதிவிடலாம். போனில் தமிழில் தட்டிக்கொண்டே போவேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். பார்த்துக்கோ ராசா என்று விட்டுவிடுவேன். கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, கொழுந்தனாரைக் கண்டாலே ஆகாத ஒருத்தியைப் பற்றி இப்படி எழுத முடியுமா? நாலு சீட் தள்ளி இருப்பவள்கூடப் படித்துவிடுவாள். இந்த ஊரில் என் எழுத்தைப் படிக்க ஆளில்லை என்ற தைரியத்தில்தான் நான் எழுதவே செய்தேன். அதனாலேயே என் கதைகளை யாரும் படித்ததில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

3

அப்படி ஒரேயடியாகப் பூட்டி வைத்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை என் அக்காவின் போனுக்கு ஒரு கதை அனுப்பினேன். தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொள்கிற கதை. அன்றைக்கே அக்கா கூப்பிட்டாள்.

“ஏட்டி, அது நம்ம சரோசா சித்திதானே? அவ காதுக்குப் போச்சுன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா.”

கதை எப்படி இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னாலிருந்து அத்தான், கல்கத்தாவில் அவள் அவ்வளவு சும்மாவா இருக்கிறாள் என்று விசாரித்தது காதில் விழுந்தது. அதோடு அக்காவுக்கு அனுப்புவதை விட்டேன். ஒரு பத்திரிகைக்கும் ஒன்று அனுப்பிப் பார்த்தேன். பதிலே இல்லை. நன்றாக இல்லை என்று ஒரு வரி வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இவற்றைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. போன முறை ஊருக்குப் போனபோது, காபி வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு, என்னையறியாமல் “ஹ்யா” என்று பெங்காலியில் சொல்லிவிட்டேன். அக்கா வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட தமிழ் எனக்குப் பாதி புரியவில்லை என்பதுதான் கவலை. என் கதைகளில் வருகிறவர்கள் எல்லோரும் நான் ரயிலேறிய வருஷத்துத் தமிழையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் எங்கேயோ போய்விட்டது. யாராவது படித்தால், யார்டா இது எந்தக் காலத்து ஆள் என்று கேட்பார்கள் என்று தோன்றும். தோன்றினால் அன்றைக்கு எழுதியதை அழித்துவிடுவேன்.

4

மேல் மாடியில் ஸ்வப்னா பௌதி இருக்கிறார். பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அண்ணிகள்தான். அவர் கவிதை எழுதுவார். அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருக்கும்போது நான் போய்விட்டால், கையெல்லாம் செதிலாக இருந்தாலும் நிறுத்தமாட்டார். நேற்று எழுதியது, கேள் என்று மனப்பாடமாகச் சொல்லுவார். பெரும்பாலும் மழை. மழை, ஜன்னல், வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை. கவிதை சுமார்தான். சுமார்தான் என்று அவருடைய கணவரே உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அப்படியா, சரி என்று சொல்லிவிட்டு பௌதி அடுத்த துண்டை நறுக்குவார்.

எனக்கு இது புரியவே இல்லை. தான் எழுதியதைச் சுமார் என்று காதாரக் கேட்டபின் ஒரு மனுஷியால் எப்படி அதே கையோடு மீன் நறுக்க முடியும்? நானாக இருந்தால் ஒரு மாசம் எழுந்திருக்க மாட்டேன். இந்த ஊரில் கவிதை எழுதுவது ஒரு ரகசியமே இல்லை என்று மெதுவாகத்தான் விளங்கியது. எங்கள் ஆபீஸ் கேஷியர் எழுதுகிறார், பல் டாக்டர் எழுதுகிறார். எழுதினால் அடுத்த வேலை அதைச் சொல்லிக் காட்டுவது. நம் பக்கத்தில் எழுதுகிறவர் என்றால் அவருக்கு ஏதோ வந்துவிட்டது என்று பார்ப்போம்.

பூஜைக்கு முந்தின மாதம் ஒரு நாள் பௌதி என்னிடம், நீ என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். எழுதுவாயா என்றுகூடக் கேட்கவில்லை. இன்றைக்கு என்ன சமையல் என்பதைப்போலக் கேட்டார். நானும் அதே வேகத்தில், கதை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்? மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் என் பெயர் ஏறிவிட்டது. ‘சம்பா முருகேசன், கதை, தமிழ்.’

செண்பகவல்லி என்கிற என் பெயர், வந்த வாரத்திலேயே இவர்கள் வாயில் சம்பா ஆகிவிட்டது. முருகேசன் என் வீட்டுக்காரர். இங்கே எந்த ஆபீஸுக்குப் போனாலும் பெயருக்குப் பின்னால் ‘டைட்டில்’ என்ன என்று கேட்பார்கள். எங்களுக்கு அப்படியெல்லாம் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்று கவுண்டர் கவுண்டராகச் சொல்லித் தோற்று, கடைசியில் கணவர் பெயரை ஒட்டிக்கொண்டேன். பான் கார்டில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் இன்னொரு மாதிரி. இரண்டும் நீங்களேதான் என்பதற்கு நோட்டரி கையெழுத்து வாங்கி வா என்பார்கள். எந்தச் சான்றும் கேட்காமல் என் பெயரை எழுதியது அந்த நோட்டீஸ் போர்டு ஒன்றுதான்.

நான் மாடிக்கு ஓடினேன். தமிழ் இங்கே யாருக்குப் புரியும், பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். உன் மகள் எதற்கு இருக்கிறாள் என்றார் பௌதி. நீ ஒரு வாக்கியம் தமிழில் வாசி, அவள் ஒரு வாக்கியம் பெங்காலியில் சொல்லட்டும். விஷயம் முடிந்தது என்று சோறு வடிக்கப் போய்விட்டார்.

5

மகள் பெயர் கயல்விழி. கல்லூரியில் இரண்டாம் வருஷம். சிநேகிதிகளுக்கு அவள் கோயல், பள்ளிக்கூடத்திலேயே அப்படி ஆகிவிட்டது. தமிழ் பேசுவாள், எங்கள் இருவரோடு மட்டும். படிக்கத் தெரியாது. சின்ன வயதில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதெல்லாம் ட்யூஷன், டிராயிங் கிளாஸ், பரீட்சை என்று ஏதாவது வந்தது. பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. காய்ச்சலில் உளறினால்கூடப் பெங்காலியில்தான் உளறுவாள். எங்களோடு தமிழில் பேசும்போது சின்னப்பிள்ளை மாதிரி இருப்பாள். சிநேகிதிகளோடு பெங்காலியில் பேசுவதைக் கேட்டால், யார் வீட்டுப் பெண்ணோ என்று இருக்கும். சோறு, துணி, பஸ், உடம்பு, இவற்றைத் தாண்டி நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதே குறைவு. நான் எழுதுவதும் அவளுக்கு நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று மழுப்பினேன்.

நான் எடுத்துக்கொண்ட கதை இதுதான். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, கணவன் வேலை பார்க்கிற ஊருக்கு முதல் முறையாகத் தனியாக ரயிலில் வருகிறாள். ஹவுரா ஸ்டேஷனில் இறங்கினால் அவனைக் காணோம். ட்ரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கக் காத்திருக்கிறாள். சாயங்காலம் அவன் வருகிறான். ஏன் தாமதம் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடக்கிறாள். இது உங்களுக்கு நடந்ததா என்று கேட்பீர்கள். ட்ரங்குப் பெட்டியும் ஹவுராவும் நடந்தது. மற்றது நானாக எழுதியது.

ஒத்திகைக்காகக் கயலுக்கு வாசித்துக் காட்டினேன். போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பாத்ரூம் போக வேண்டும், பெட்டியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தெரியாமல் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற இடம் வந்தது. அங்கே போனைக் கீழே வைத்தாள். எனக்குத் திடீரென்று கூச்சமாகிவிட்டது. மீதியை மேடையில் பார்த்துக்கொள்ளலாம், சுலபம்தான் என்று நிறுத்திவிட்டேன். அந்த முடிவைப் பற்றி எனக்கே சந்தேகம். எத்தனையோ தடவை அழித்து எழுதியது. என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாசிக்க வரவில்லை.

6

எங்களுக்கு முன்னால் பௌதி ஒரு மழைக் கவிதை சொன்னார். எங்களுக்குப் பின்னால் பிள்ளைகள் நாடகம், வேஷம் போட்டுக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றார்கள். முதல் இரண்டு வரிகளில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கயல் ஆடாமல் அசையாமல் நின்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஒன்றைக் கவனித்தேன். என் வாக்கியங்களை அவள் பெங்காலியில் சொன்னபோது அவை ஒன்றும் பழசாக இல்லை. பாத்ரூம் விஷயம் வந்ததும் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பி, உடனே அடங்கியது. முன்வரிசையில் ஒருவர் ‘ஆஹா ரே’ என்றார். நம் ஊர் ‘ஐயோ பாவம்’தான்.

முடிவுக்கு வந்தோம். அவன் பெட்டியைத் தொடவில்லை, அவளே தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள் என்று வாசித்தேன். கயல் சொல்லவில்லை. மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, தெளிவான பெங்காலியில் சொன்னாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். டிக்கெட் கவுண்டர் எந்தப் பக்கம் என்று ஒரு போர்ட்டரிடம் கேட்டாள். நமஸ்காரம்.

மைதானமே கைதட்டியது.

புரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். தெரிந்தேதான் செய்திருக்கிறாள். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது என்று தெரியவில்லை. அதுவரை, இதெல்லாம் ஒரு கதையா, கொண்டுபோய்க் கங்கையில் போடு என்று யாராவது சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். ஆனால் அந்தப் பெண் எப்படி டிக்கெட் கவுண்டருக்குப் போவாள்? அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளை எனக்குத் தெரியும். அந்தப் பெட்டி மேல் அவளோடு எத்தனை மத்தியானம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கைதட்டல் எனக்கு எரிச்சலாக இருந்தது. மகள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

“இல்லை, அப்படி இல்லை,” என்று என் ஓட்டைப் பெங்காலியில் ஆரம்பித்தேன். “இவள் தப்பாகச் சொல்கிறாள். அவள் திரும்பிப் போகவில்லை. அவனோடுதான் போகிறாள். ஆமார் கொல்போ. என் கதை. எனக்குத் தெரியாதா?”

என் கதை என்று அதற்கு முன் எந்த மொழியிலும் நான் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்வப்னா பௌதி எழுந்து, மகள் சொன்னதுதான் சரி, அவனோடு ஏன் போக வேண்டும் என்றார். அவர் கணவர், அந்த நேரத்துக்கு மேல் மெட்ராஸுக்கு வண்டி ஏது, பெண்பிள்ளை ராத்திரி எங்கே தங்குவாள் என்றார். வண்டி இருந்தது, இல்லை என்று ரயில்வேக்காரர்கள் நாலு பேர் கட்சி பிரிந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தம்பி மட்டும்தான் என்று யோசிக்காமல் பதில் சொன்னேன். கதையில் அந்தத் தம்பி வரவே இல்லை. யாரும் கதை நன்றாக இருந்ததா என்று பேசவில்லை. அவள் போகலாமா கூடாதா என்றே பேசினார்கள். நாடகப் பிள்ளைகளுக்கு மீசை வியர்வையில் கழன்று விழுந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் பலபேர் என் வீட்டுக்காரரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மனுஷர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? எழுந்து நின்று, நான் தாமதமாக வரவில்லை, அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டேன், ஸ்டேஷனில் ஓல்டு காம்ப்ளெக்ஸ் கட்டடத்தில் நின்றுகொண்டிருந்தேன், வண்டி அடுத்த கட்டடமான நியூ காம்ப்ளெக்ஸில் வந்துவிட்டது என்று விளக்கம் கொடுத்தார். ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் இப்படிச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

“ஏங்க, உக்காருங்க. கதையில வர்றது நீங்க இல்ல,” என்று மைக்கிலேயே சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

7

வீட்டுக்கு வந்து கயலும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். ரசத்தை ஊற்றியபோது அவளே ஆரம்பித்தாள்.

“ஏன் மா அவள போக வச்ச?”

“வேற எங்க போவா? கையில காசில்ல, பாஷ தெரியாது.”

“அது அவ ப்ராப்ளம் இல்ல. உன் ப்ராப்ளம். நீதானே எழுதுற.”

அவள் பணிந்து போகவில்லை, இனிமேல் அவனுக்காக எங்கேயும் எதற்கும் காத்து நிற்கக் கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போகிறாள் என்று சொன்னேன். அவன் கூடவே இருப்பாள், ஆனால் காத்திருக்க மாட்டாள்.

கயல் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “அது கதையில இல்லையே.”

இல்லைதான். ஒரு காலத்தில் இருந்தது. யாராவது படித்தால் என் வீட்டுக்காரரைப் பற்றித் தப்பாக நினைப்பார்களோ என்று அழித்துவிட்டிருந்தேன். படிக்க ஆளே இல்லாத கதையில் யாருக்குப் பயந்து அழித்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தெரியாமல்தான் கயல் தன் முடிவைப் போட்டு நிரப்பியிருக்கிறாள்.

கை காய்ந்து போகும்வரை பேசினோம். அவளுக்குத் தமிழ் வார்த்தை கிடைக்காத இடத்தில் பெங்காலியைப் போட்டாள். நான் சிக்கிய இடத்தில் அவளே எடுத்துக் கொடுத்தாள். கல்யாணம், வேலை, தனியாக ஒரு ஊருக்குப் போவது என்று அவள் மனசில் என்னவெல்லாம் ஓடுகிறது என்பது அந்தப் பெண்ணைச் சாக்காக வைத்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பெண் அவனோடு போக வேண்டும் என்பதில் நான் இறங்கி வரவில்லை. அவள் திரும்ப வேண்டும் என்பதில் கயலும் இறங்கி வரவில்லை. என் மகளோடு இவ்வளவு நேரம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

தட்டைக் கழுவிக்கொண்டே ஒன்று சொன்னாள். “அடுத்தத முழுசா எனக்கு மொதல்ல படிச்சுக் காட்டு. சண்டைய வீட்லயே போட்டுக்கலாம்.”

நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், என் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடும் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சிலர் அப்படிச் சொல்லத்தான் செய்தார்கள். யார் யார் என்று இப்போது நினைவில்லை. சந்தேகமும் தீரவில்லை. என் தமிழ் பழசாகிவிட்டதோ என்று இன்றைக்குக் காலையில் பஸ்ஸில்கூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே எழுதினேன், அழிக்கவில்லை. விட்டுப்போன அந்த வரியைக் கதையில் திரும்பச் சேர்த்து நம் ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரலாம், வராமலும் போகலாம்.

புதுக்கதை நேற்று முடிந்தது. கயல் காலேஜிலிருந்து வருகிற நேரம். இதன் முடிவும் அவளுக்குப் பிடிக்காது, எனக்கு நன்றாகத் தெரியும். மாற்றப்போவதில்லை. வந்ததும் உட்காரவைத்து முழுசாக வாசித்துக் காட்டப்போகிறேன்.